தகவலாளர் தனியுரிமையும் திறமூல மென்பொருள் தேர்வும்

நாட்டார் வழக்காற்றியல், வட்டார வழக்கு, வாய்மொழி வரலாறு ஆகிய புலங்களில் எழுதப்படும் தமிழ் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் இடம்பெறுவது நெடுநாள் மரபு. பெயர், அகவை, சாதி, கல்வி, தொழில், ஊர் எனக் கட்டங்கள் வகுத்துத் தரப்படும் அப்பட்டியல், ஆய்வாளர் களத்திற்கு மெய்யாகவே சென்றார் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறநிலைத் தேர்வாளர் சிலர் முதலில் புரட்டிப் பார்ப்பது அப்பக்கங்களையே. ஆய்வேடு நான்கைந்து தட்டச்சுப் படிகளாக மட்டும் இருந்து, நூலகத்தின் உள்ளடுக்கில் வைக்கப்பட்ட காலத்தில் அப்பட்டியலால் எவர்க்கும் இடர் நேரும் வாய்ப்பு அரிது. இன்று ஆய்வேட்டின் மின்படி, பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைப்படி, இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கிறது. எந்த நாட்டிலிருந்தும் எவரும் அதனைத் தரவிறக்கலாம். ஆய்வுரையோடு பின்னிணைப்பும் உடன் செல்கிறது.

ஷோத்கங்கா இயங்குவது டிஸ்பேஸ் என்னும் திறமூல மென்பொருளின் மேல். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் எச்.பி. நிறுவனமும் இணைந்து உருவாக்கி 2002இல் வெளியிட்ட இம்மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், தம் நிறுவனத்தில் நிறுவிக்கொள்ளலாம். பொதுப்பணத்தில் நடைபெறும் களஞ்சியத்திற்கு இது பொருத்தமான தேர்வு என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிரல் திறந்திருப்பது வேறு. அந்நிரல் ஏந்தி நிற்கும் தரவு திறந்திருப்பது வேறு. தமிழ்க் கணிமை குறித்த உரைகளில் திறமூலம், திறந்த அணுக்கம், திறந்த தரவு ஆகிய மூன்றும் ஒரே அறத்தின் மூன்று பெயர்கள்போல் ஆளப்படுவதுண்டு. அம்மயக்கம் களைந்தாலன்றி மென்பொருள் தேர்வைப் பற்றிய விவாதம் பயன் தராது. கருவி பிறர் ஆராய்தற்குத் திறந்திருத்தல் வேண்டும்; அக்கருவிக்குள் தம் சொல்லை ஒப்படைத்தவர் காக்கப்படல் வேண்டும். முன்னது பின்னதற்குத் துணை நிற்கும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால் அத்துணை தானாக வந்து வாய்ப்பதன்று.

பெயர் வேண்டுமா?

முத்துப்பட்டன் கதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அந்தணர் குலத்திற் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலப் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனாரின் ஆநிரை காக்கப் பொருது உயிர் துறந்து தெய்வமானவன். அப்பெண்கள் பிறப்பால் அந்தணரே, காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று கூறும் வடிவமும் வழங்குகிறது. இத்தகைய மாற்றத்தின் சமூகப் பொருளை நா. வானமாமலை எடுத்துக்காட்டிய பின்னர், கதையின் எந்த வடிவத்தை எவர் சொல்கிறார் என்று வினவாத நாட்டார் கதை ஆய்வு நிறைவுடையதாகாது. ஆகவே கதைசொல்லியின் சாதி, ஊர்ப்புறம், தலைமுறை ஆகியவை ஆய்வாளர்க்குத் தேவை. அவருடைய பெயர் தேவையா என்பது தனி வினா. பெரும்பாலான ஆய்வேடுகளில் அப்பெயரால் எம்முடிவும் பெறப்படுவதில்லை.

கொலையுண்டு தெய்வமானோர் கதைகள் தென்மாவட்டங்களில் மிகுதி. கொன்றவர் எக்குடியினர் என்பது கதையினுள்ளேயே வரும். அக்குடியின் வழியினர் இன்றும் அதே ஊரில் நிலமும் செல்வாக்கும் உடையவராக இருக்கக்கூடும்; கதை சொன்ன மூதாட்டி அவர்தம் வயலில் கூலி வேலை செய்பவராக இருக்கக்கூடும். அம்மூதாட்டியின் பெயரும் ஊரும் சாதியும் கதையோடு சேர்ந்து ஒரு கோப்பில் உலகெங்கும் கிடைக்கும் நிலையை அவர் எண்ணிப் பார்த்து இசைவு தந்தாரா? ஆய்வாளர் கைபேசியை நீட்டியபோது ‘பதிந்துகொள்’ என்றது அவ்வளவிற்கான இசைவு ஆகுமா? ஈழத்தில் போர்க்கால நினைவுகளைப் பதிவுசெய்வோர்க்கு இவ்வினாவின் கனம் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இதனை ஆய்வாளரின் பொறுப்பிலேயே பெரிதும் விட்டிருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ ஆய்வு, ஆவணக் காப்பு, புள்ளியியல் ஆகிய நோக்கங்களுக்கு, குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய முடிவெடுக்கத் தரவு பயன்படாத வரையில், வகுக்கப்படும் தரங்களுக்கு உட்பட்டு விலக்களிக்கிறது. இலங்கையும் 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. விலக்கு இருப்பதனால் தமிழ்த்துறைகள் அச்சட்டத்தைத் தமக்குத் தொடர்பற்றதாகக் கருதிவிடலாகாது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் துறையின் சொந்த நெறியே தகவலாளர்க்கு எஞ்சியுள்ள காப்பு.

ஓர் ஒலிப்பதிவு செல்லும் வழி

களத்தில் பதிவான ஒலிக்கோப்பு ஆய்வேட்டை அடையுமுன் எத்தனை கைகளைக் கடக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று. கைபேசியில் பதிவான உடனேயே அது தன்னியக்கமாக மேகச் சேமிப்புக்குச் செல்லலாம். பிறகு நெறியாளருக்கு வாட்சப்பில் அனுப்பப்படுகிறது. அச்செயலியின் செய்திகள் 2016 முதல் இருமுனை மறையாக்கம் பெற்றுள்ளன என்பது உண்மையே. ஆயினும் அரட்டையின் காப்புப்படியை அவ்வாறே மறையாக்கும் வசதி 2021இல்தான் வந்தது, அதனையும் பயனரே முனைந்து இயக்க வேண்டும். அடுத்து, ஒலியை எழுத்தாக்க ஏதேனும் ஓர் இணையச் சேவை நாடப்படுகிறது. பெயர்த்தெழுதிய உரை இணைய ஆவணமாகச் சேமிக்கப்படுகிறது. இறுதியில் முழு ஆய்வேடும் கருத்துத் திருட்டுச் சோதனைச் சேவை ஒன்றன் வழங்கிக்குள் செல்கிறது. இவற்றுள் எப்படிநிலையிலும் ஆய்வாளர் தீய எண்ணத்துடன் எதனையும் செய்யவில்லை. எளிதாகக் கிடைத்ததைக் கையாண்டார், அவ்வளவே.

இவ்வழியில் மிகக் குறைவாகக் கருதப்படும் கருவி விசைப்பலகை. கணினியில் தமிழ் எழுதுவோர்க்கு அது தவிர்க்க இயலாத துணை. கைபேசியில் இன்னும் மிகுதி. எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தையும் அது காண்கிறது. இணைய இணைப்புக்கும் அதற்கு இசைவு அளிக்கப்பட்டிருந்தால், கண்டதை வெளியே அனுப்பவும் அதனால் இயலும். ஏஐ.டைப் என்னும் கைபேசி விசைப்பலகைச் செயலியின் தரவுத்தளம் கடவுச்சொல் காப்பின்றி இணையத்தில் கிடந்தது 2017 டிசம்பரில் வெளிப்பட்டது. 3.1 கோடி பயனரின் விவரங்கள் அதில் இருந்தன. அவர்கள் தட்டிய சொற்களும் ஓரளவு இருந்தன. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகம் 2024இல் சீன மொழி உள்ளீட்டுச் செயலிகளை ஆராய்ந்தது. ஒன்பது நிறுவனங்களின் செயலிகளுள் எட்டு நிறுவனங்களுடையவற்றில், எழுதப்படுவதை வலையமைப்பில் இடைமறிப்போர் படிக்க இடந்தரும் குறைகள் இருந்தன. சொல்லை முன்னுணர்ந்து தரும் வசதிக்காக அவை தட்டச்சை மேகத்திற்கு அனுப்பின. அனுப்பும்போது, உலகம் சோதித்தறிந்த மறையாக்க முறையை விடுத்துத் தாமே புனைந்த முறைகளைச் சில கையாண்டன. சீன எழுத்தைப் போன்றே தமிழும் உள்ளீட்டு மென்பொருளை நம்பி எழுதப்படும் மொழி. தமிழ் ஆய்வாளர் கைபேசியில் நிறுவியுள்ள விசைப்பலகைக்கு இணைய இசைவு உண்டா என்று அமைப்புப் பக்கத்தில் ஒருமுறை பார்ப்பதற்கு ஐந்து மணித்துளி போதும்.

மாற்று இல்லாமலில்லை. தமிழ்99 தளக்கோலத்தைத் தரும் இண்டிக் கீபோர்டு திறமூல மென்பொருள். ஹெலிபோர்டு என்னும் திறமூல விசைப்பலகை இணைய இசைவையே கோருவதில்லை. லினக்சு இயங்குதளத்தில் ஐபஸ், எம்17என் ஆகியவற்றின் வழியாகத் தமிழ்99 எழுத எந்நிறுவனத்தின் சேவையும் வேண்டியதில்லை. சொல்லை முன்னுணர்ந்து தருவதில் இவை பெருநிறுவனச் செயலிகளுக்கு ஈடாகா. இது மறைக்கத்தக்க குறையன்று.

ஒரு மொழியாசிரியர் வகுத்த கோட்பாடு

மறைபொருளைக் காக்கும் கருவி, தானே மறைவாக இருத்தல் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். அதற்கு நேர்மாறான கோட்பாட்டை 1883இல் படைத்துறை மறையெழுத்து பற்றிய கட்டுரையில் வகுத்தவர் ஒகுஸ்து கெர்க்காப்சு. ஆலந்தில் பிறந்து பாரிசில் செருமானிய மொழி கற்பித்தவர். பின்னாளில் வோலாப்யூக் என்னும் செயற்கை மொழியைப் பரப்புவதில் முன்னின்றவர். மறையாக்கமுறையின் அமைப்பு பகைவர் கையிற் சிக்கினும் தீங்கு நேரலாகாது. திறவுகோல் ஒன்று மட்டுமே கமுக்கமாக இருந்தாற் போதும் என்பது அவர் கருத்தின் சாரம். இன்றைய மறையாக்கவியல் முழுதும் இவ்வடிப்படையின் மேல் நிற்கிறது. கணினி அறியாத ஒரு காலத்தில் மொழியறிஞர் ஒருவர் இதனைக் கண்டது தமிழறிஞர்க்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. எந்த ஏட்டை எடுத்தோம், எந்தப் பாடத்தைக் கொண்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் பதிப்பே நம்பத்தக்கது என்பது உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட காலந்தொட்டுத் தமிழ்ப் பதிப்புலகம் பயின்ற பாடம். மூலநிரல் காட்டாத மென்பொருள், மூல ஏடு காட்டாத பதிப்பை ஒத்தது. அதன் பாடம் சரியாகவும் இருக்கலாம். சரியா என்று பிறர் காண வழியில்லை என்பதே குறை.

சிக்னல் செயலி இக்கோட்பாட்டிற்கு அண்மைக்காலச் சான்று. அதன் மூலநிரல் வெளிப்படையானது. 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் விசாரணை மன்றம் ஒன்று பயனர் விவரம் கேட்டு ஆணையிட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் இறுதியாக இணைந்த நாளும் தவிர வேறெதனையும் அந்நிறுவனத்தால் தர இயலவில்லை. தர மறுத்தது என்பதன்று செய்தி. சேர்த்து வைக்கவில்லை என்பதே செய்தி. தகவலாளர் பட்டியலைப் பற்றி எண்ணும் துறைக்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு அரிது.

தமிழுலகம் மூடிய அமைப்பின் இன்னலை முன்னரே ஒருமுறை பட்டுணர்ந்தது. 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனிக் குறியேற்றம் வகுத்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு பொருளற்ற குறிகளாய்த் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகியவற்றை அரசு தரப்படுத்தியதும், 2010இல் ஒருங்குறிக்கும் டேஸ்16க்கும் ஏற்பளித்ததும் அவ்வின்னலின் விளைவு. அக்காலத்து ஆய்வேட்டுக் கோப்புகளை மாற்றித் தரும் பணி இன்றும் முடிந்தபாடில்லை. கோப்பைப் படிக்க இயலாமற் போவதே அன்று அஞ்சப்பட்டது. வேறெவரேனும் படித்துவிடுவர் என்ற அச்சம் அவ்விவாதத்தில் பெரிதாக எழவில்லை. அதற்கான தேவையும் அன்று குறைவு.

திறந்த நிரலும் படிப்பார் இன்மையும்

திறமூலம் என்ற பெயரே பாதுகாப்புக்கு உறுதி என்று கொள்வாரும் உளர். அது பிழை. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் உலகின் வழங்கிகளில் பெரும்பகுதி நம்பியிருந்த திறமூல நூலகம். 2012 மார்ச்சில் வெளியான அதன் பதிப்பு ஒன்றில், கேட்கும் அளவைச் சரிபார்க்கத் தவறிய ஒரு சிறு பிழை புகுந்தது. அதன்வழி வழங்கியின் நினைவகத்திலிருந்து ஒருமுறைக்கு 64 கிலோபைட் வரை எவரும் உருவிக்கொள்ள இயன்றது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், மறையாக்கத் திறவுகோலும் இருக்கலாம். ஆர்ட்பிளீடு எனப் பெயர்பெற்ற அப்பிழை 2014 ஏப்ரல் 7 அன்றுதான் உலகறிய வெளிவந்தது. ஈராண்டு காலம் அந்நிரல் எல்லார் கண்முன்னும் திறந்தே கிடந்தது. படிப்பார் இல்லை. அம்மென்பொருளைக் காத்து வந்தோர் ஒரு சிலரே. அவர்களுக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். பதிப்பிக்கப்பட்டும் படிக்கப்படாத நூல்கள் தமிழிலும் உண்டாதலின் இந்நிலை புரிந்துகொள்ள அரிதன்று.

பத்தாண்டு கழித்து நேர்ந்தது இன்னும் நுட்பமானது. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளை ஒருவரே பல்லாண்டு பேணி வந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேலாக நல்ல திருத்தங்களைத் தந்து நம்பிக்கை பெற்று, பேணும் பொறுப்பில் பங்கும் பெற்றார். 2024 தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய இடந்தரும் கள்ளவாயில் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரெசு பிராய்ண்டு என்னும் பொறியாளர், தம் கணினியில் நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதை ஐயுற்று ஆராய்ந்து, மார்ச் 29 அன்று அதனை வெளிப்படுத்தினார். அதற்குள் லினக்சு வழங்கல்களின் சோதனைப் பதிப்புகள் சிலவற்றில் அது ஏறிவிட்டிருந்தது. நிலைப்பதிப்புகளைப் பெரிதும் எட்டவில்லை.

பாடத் திறனாய்வு பயின்றோர் இதில் ஊன்றி நோக்க வேண்டிய கூறு ஒன்றுண்டு. கள்ளவாயிலை இயக்கும் முதற்கண்ணி, எல்லாரும் காணும் மூலநிரற் களஞ்சியத்தில் இல்லை; வெளியீட்டுக்கெனக் கட்டித் தரப்பட்ட பொதியில் மட்டும் இருந்தது. ஏட்டில் இல்லாத வரி அச்சில் மட்டும் காணப்படுவது போன்றது இது. ஏட்டையும் அச்சையும் ஒப்புநோக்குவார் இல்லாதவரை இடைச்செருகல் தெரியாது. டெபியன் முதலிய திட்டங்கள், ஒரே மூலநிரலிலிருந்து எவர் கட்டினும் துளியும் மாறாத பொதியே கிடைக்க வேண்டும் என்று முயன்று வருவது இவ்வொப்புநோக்கை எந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சியே. பதிப்பியல் வகுப்பில் பாடபேதம் கற்பிப்போர்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகவும் அமையும்.

மூடிய மென்பொருளில் இத்தகைய பிழைகள் இல்லை என்று இவற்றிலிருந்து முடிவு கொள்வதற்கில்லை. அங்கு நேர்வதை வெளியார் இவ்வளவு விரிவாக அறிய வழியில்லை என்பதே வேறுபாடு. அரை நொடித் தாமதத்தைக் கண்ட ஒருவர் நிரலைத் திறந்து பார்க்க இயன்றது. உடனே அறிவித்தபோது பிறரும் அதனைச் சோதித்து உறுதி செய்ய இயன்றது.

உரிமம் அப்படியே இருக்க, மென்பொருளை நடத்துவோர் மாறுவதும் உண்டு. களப்பணி ஒலியைத் திருத்தத் தமிழ் ஆய்வாளர் பலர் கையாளும் ஆடாசிட்டி அத்தகையது. 2021இல் அது மியூஸ் குழுமத்தின் கைக்கு மாறியது. பயன்பாட்டுத் தரவு திரட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பெழுந்ததும் கைவிடப்பட்டது. அதனை அடுத்து வந்த தனியுரிமைக் கொள்கையும் கண்டனத்திற்குள்ளாகி மாற்றி எழுதப்பட்டது. நிரல் திறந்திருந்தமையால், வேண்டாத பகுதியை நீக்கிக் கிளைப்பதிப்பு உருவாக்கப் பலர் முனைந்தனர். எதிர்ப்புக்கு வலுச் சேர்த்தது அதுவும்தான். திறமூலம் பயனர்க்குத் தருவது இவ்வலிமையையே. ஒருமுறை தேர்ந்துவிட்டால் பின்னர் கண்மூடி இருக்கலாம் என்ற உரிமையை அது தருவதில்லை.

பொருளுக்கேற்ற கருவி

எல்லாவற்றையும் ஒரே கடுமையுடன் காக்க முனைவது எதனையும் காவாமைக்கே இட்டுச் செல்லும். 19ஆம் நூற்றாண்டில் அச்சான நிகண்டு ஒன்றை எழுத்துணரியால் மின்னுரையாக்கும்போது மறைக்க வேண்டியது ஏதுமில்லை. பெருநிறுவனங்களின் மேக எழுத்துணரியைத் தமிழ் விக்கிமூலத்தார் பயன்படுத்தி வருவது முற்றும் ஏற்புடையதே. டெசராக்ட் என்னும் திறமூல எழுத்துணரி 2005இல் எச்.பி. நிறுவனத்தால் வெளிப்படையாக்கப்பட்டது, தமிழையும் படிக்கும். பழைய அச்சில் அது தடுமாறும் இடங்களில் மேகச் சேவையை நாடுவதில் இழுக்கில்லை. ஒருவருடைய கடிதக் கட்டு, நாட்குறிப்பு, வழக்காவணம், நேர்காணல் என்று வரும்போது நிலை மாறுகிறது. அங்கு ஓரளவு தடுமாறினும் தன் கணினியிலேயே இயங்கும் கருவியே தக்கது.

ஒலியை எழுத்தாக்குவதில் இப்போது அத்தகைய வழி உண்டு. ஓப்பன்ஏஐ 2022இல் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்ட விசுப்பர் தமிழையும் எழுத்தாக்கும். இணையமின்றிச் சொந்தக் கணினியில் இயங்கும். வட்டார வழக்கில் அதன் பிழைகள் பல. எனினும் ஆய்வாளர் செவிகொடுத்துத் திருத்துவதற்கான முதல் வரைவை அதனிடம் பெறலாம். அதனைப் பயிற்றிய ஒலித்தரவு வெளியிடப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிரலும் எடைகளும் திறந்தவை, அவை எதிலிருந்து பிறந்தன என்பது மூடியது. திறமூலம் என்ற சொல்லைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு ஆளும்போது இவ்வேறுபாட்டைக் குறித்தல் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தாரின் கடமை. ஒலியனியலுக்கு ஆம்சுடர்டாம் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய பிராட், உரையையும் ஒலியையும் இணைத்துக் குறிக்க மாக்சு பிளாங்கு நிறுவனத்தார் தந்த ஈலான் ஆகிய இரண்டும் திறமூலமே. இரண்டும் கோப்பை எங்கும் அனுப்பாமல் கணினியிலேயே பணிசெய்வன. மொழியியல் துறைகள் இவற்றை நன்கறியும். இலக்கியத் துறைகளில் இவை இன்னும் பரவவில்லை.

இந்நிலைப்பாட்டிற்கு எதிராக வலுவான தடை ஒன்றை எழுப்பலாம். பெருநிறுவனத்தின் வழங்கியைக் காக்க நூற்றுக்கணக்கான பொறியாளர் இரவும் பகலும் உள்ளனர். தமிழ்த்துறையிலோ கணினி பழுதானால் அழைக்க ஒருவரும் இலர். துறை சொந்தமாக வழங்கி நிறுவி, ஈராண்டு புதுப்பிக்காமல் விட்டால், அதிலுள்ள தகவலாளர் தரவு மேகத்தில் இருப்பதைவிடப் பெரிய இடரில் இருக்கும். இத்தடை முற்றிலும் உண்மை. திறமூல இதழ்மேலாண்மை மென்பொருளாகிய ஓஜேஎஸ் கொண்டு நடத்தப்படும் ஆய்விதழ்த் தளங்களும் இதே பேணுதலை வேண்டி நிற்பவை. ஒருமுறை நிறுவித் தந்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றபின் அத்தளத்தைப் புதுப்பிப்பார் யார் என்ற வினாவுக்கு விடையில்லாத இதழ், அதனை அறிந்தவரிடம் ஒப்படைப்பதே நலம். வழங்கி பேண இயலாத துறை, வழங்கி நடத்தாதிருத்தல் வேண்டும். இணைப்பில்லாத ஒரு கணினியும் மறையாக்கிய இரு வன்தட்டுகளும் அத்துறையின் தேவைக்குப் பெரும்பாலும் போதும். வெராகிரிப்டு போன்ற திறமூலக் கருவியால் வன்தட்டை மறையாக்கி, ஒன்றைத் துறையிலும் மற்றொன்றை நூலகக் காப்பிலும் வைக்கலாம். கடவுச்சொல் இருவரிடம் இருத்தல் வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்து அவர் ஓய்வுபெற்றால் பதிவு முழுவதும் அழிந்ததற்கு ஒப்பாகும். காப்பை வலியுறுத்துவோர் இவ்வபாயத்தைப் போதுமான அளவு பேசுவதில்லை.

இச்செயல்களை ஆய்வு மாணவரின் தனிப்பட்ட ஆர்வத்திற்கு விடுவது தகாது. கைபேசியில் எச்செயலி, கணினியில் எவ்விசைப்பலகை, எழுத்தாக்கத்திற்கு எக்கருவி என்பவை ஆய்வுத் திட்டம் பதிவாகும்போதே துறைக்குழு வினவ வேண்டியவை. தகவலாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு குறியெண். ஆய்வேட்டில் குறியெண், சாதி, தலைமுறை, வட்டாரம் ஆகியவை மட்டும். பெயரோடு குறியெண்ணை இணைக்கும் பட்டியல் துறையின் மறையாக்கிய வன்தட்டில். தேர்வாளர் ஐயுற்றால் அங்கு வந்து பார்க்கலாம். தம் பெயர் அச்சில் வர வேண்டும் என்று விரும்பும் கலைஞர்களும் உளர். வில்லுப்பாட்டுப் புலவர், கூத்து வாத்தியார் முதலியோர்க்கு அது புகழும் வாழ்வும் ஆதலின், அவர்கள் பெயரை மறைப்பது மற்றொரு தீங்கு. கேட்டறிந்து செய்தல் வேண்டும்.

பணம் பற்றியும் ஒரு சொல். உரிமக் கட்டணமின்மை காரணமாகத் திறமூலத்தை நாடும் நிறுவனங்கள், மிச்சமான தொகையில் ஒரு சிறு பகுதியையேனும் அம்மென்பொருளைப் பேணுவோர்க்கு அளிப்பது வழக்கில் இல்லை. பணம் அளிக்க விதி இடந்தராத பல்கலைக்கழகத் துறை உழைப்பை அளிக்கலாம். எழுத்துருவில் கூட்டெழுத்துச் சிதைவு, எழுத்துணரியில் றகர னகரக் குழப்பம், இடைமுக மொழிபெயர்ப்பில் பொருந்தாச் சொல் ஆகியவற்றை முறையாகத் தொகுத்து அறிவிப்பதற்குத் தமிழ்த்துறையினும் தகுதியுடையார் யாவர்? முதுகலை மாணவர்க்கு அது ஒரு பருவப் பயிற்சியாகவே அமையலாம். பொதுநிரலுக்குப் படிப்பார் வேண்டும் என்ற குறையை மொழி சார்ந்த அளவிலேனும் அது தீர்க்கும்.

மதிப்பீட்டுக்கு அனுப்பப்படும் கட்டுரைக் கோப்பிலும் இச்சிக்கல் உண்டு என்பதை இதழாசிரியர் குழுக்கள் கருதுவதில்லை. ஆசிரியர் பெயரை முகப்பில் நீக்கினாலும், கோப்பின் பண்புக் குறிப்பில் அது தங்கிவிடுகிறது. இருபக்க மறைமதிப்பீடு அங்கேயே குலைகிறது. லிப்ரே ஆபிசில் கோப்புப் பண்புகளைத் திறந்து தனிப்பட்ட விவரத்தை நீக்க ஒரு சொடுக்குப் போதும்.

எஞ்சியிருப்பது முன்னரே களஞ்சியம் ஏறிவிட்ட ஆய்வேடுகளின் நிலை. ஷோத்கங்காவில் ஆய்வேடு பெரும்பாலும் இயல்வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாக இடப்பட்டுள்ளது. பின்னிணைப்பும் அவ்வாறே தனிக்கோப்பு. ஆதலின் ஆய்வுரையைத் தொடாமல், தகவலாளர் பட்டியல் உள்ள கோப்பை மட்டும் குறியெண் இட்ட படியால் மாற்றித் தருமாறு துறை, நூலகத்தின் வாயிலாகக் கோரலாம். சாதிப் பூசலோடு தொடர்புடைய கதைகளையும் வாய்மொழி வரலாறுகளையும் கொண்ட ஆய்வேடுகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அவற்றிலும், கதை சொன்னவரோ அவர் பிள்ளைகளோ அதே ஊரில் இன்னும் வாழ்கின்றனரா என்று அறிந்து வருவதிலிருந்து பணி தொடங்க வேண்டும்.